தாழும் மிதி

விரைவைப் போற்றும் சொற்கள் நம் மொழியில் மிகுதி. நிறுத்துதலைப் போற்றும் சொற்கள் அத்துணை இல்லை. தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்போரின் ஆரவாரம் வீதியெங்கும் கேட்கும். ஆனால், உருண்டுவரும் பெருந்தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோன் பேசுவதற்கும் நேரமின்றிக் குனிந்தபடியே இருப்பான். தேரை நிறுத்துவது அவன் கட்டை; மூலையில் அதனைத் திருப்புவதும் அவன் கட்டையே. அவன் ஒரு கணம் பிழைத்தாற் பல உயிர்கள் பிழையா. இருந்தும், ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பது அன்றாட வழக்கிற் பழிச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. மோட்டார் வாகனத்தின் பொருட்டும் நம் மனப்பாங்கு இதனின் வேறுபட்டதன்று. இயந்திரத்தின் வலிமையைப் பெருமையோடு எடுத்துரைப்போர் பலர். பிரேக்கைப் பற்றி, அது கைவிடும்வரை, எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர்.

பிரேக் பெரும்பாலும் திடீரெனக் கைவிடுவதில்லை. முன்கூட்டியே அது செய்தி அனுப்புகின்றது. அச்செய்தி சாரதியின் வலது பாதத்தின் வழியே வருகின்றது. நேற்றுவரை கல்லைப்போல் நின்ற மிதி, இன்று பஞ்சைப்போல் அமிழ்கின்றது. அல்லது தரையை நோக்கித் தாழ்கின்றது. ‘பிரேக் இறங்குகிறது’ என்று அதனைச் சாரதிகள் கூறுவர். எங்கே, எதனால் இறங்குகிறது என்று கண்டறிவதே தொழிலறிவின் முதற்படி. இதனை ஆராய்வதற்குப் பாலாவி பொருத்தமானதோர் இடம்.

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை புத்தளம் நகரை அடைவதற்குச் சற்று முன், கற்பிட்டிக்கு ஒரு வீதி பிரிந்து செல்லும் சந்தியே பாலாவி. அருகே புத்தளம் களப்பு. அதனை அண்டி உப்பளங்கள். சற்று அப்பால் சீமெந்துத் தொழிற்சாலை. உப்பு ஏற்றிய லொறிகளும் சீமெந்து ஏற்றிய லொறிகளும் இச்சந்தியைக் கடந்தவண்ணமிருக்கும். நிலம் தட்டையானது. ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. ஆகவே ஒரு வாகனத்தின் பிரேக் இங்கே நெடுங்காலம் நோயை மறைத்து வாழ முடியும். நோயை வளர்ப்பதற்கு வேண்டிய காற்றோ இங்கே தாராளமாக உண்டு. களப்பின் ஈரமும் உப்பும் கலந்த அக்காற்றின் பணியை இப்பகுதியின் தகரக் கூரைகளிலும் வேலிக் கம்பிகளிலும் எவரும் காணலாம்.

இலங்கையின் வீதிகளிற் பழைய கார்கள் இன்னும் ஓடுவது விந்தையன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுகியது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே யப்பானிய வாகனங்கள் பெருமளவில் வரத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைப் பேணி ஓட்டுவதே வழி. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இவ்விரு நெருக்கடிகளையும் தாண்டி ஓடிய கார்களுள் மொறிஸ் மைனர் முதன்மையானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அக்கார் 1971வரை உற்பத்தி செய்யப்பட்டது. 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவை உலகெங்கும் சென்றன. பிறந்த நாட்டில் அது அருகிய பின்னரும் இலங்கையில் வாழ்ந்தமையால், 1990களில் இங்கிலாந்தின் மைனர் கார்களுக்கு வேண்டிய சில பாகங்கள் இலங்கையிலேயே செய்து அனுப்பப்பட்டன.

மைனரின் பிரேக் அமைப்பை விளங்கிக்கொள்வதற்குப் பள்ளிக்கூடப் பௌதிகமே போதும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் இடப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிக் கடத்தப்படும் என்ற உண்மையைப் பதினேழாம் நூற்றாண்டிற் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். நான்கு சக்கரங்களுக்கும் இத்தத்துவத்தாற் பிரேக் இடும் முறை 1921இல் அமெரிக்காவின் டூசன்பேர்க் காரில் வந்தது. மைனரில் மிதியை அமிழ்த்தும்போது ‘மாஸ்டர் சிலிண்டர்’ எனப்படும் தலைமை உருளையினுள் ஓர் ஆடுதண்டு நகரும். அதன் முன்னே உள்ள கிண்ண வடிவான றப்பர், திரவத்தைத் தள்ளும். உலோகக் குழாய்கள் வழியாகவும் மூன்று றப்பர்க் குழாய்கள் வழியாகவும் அமுக்கம் சக்கரங்களை அடையும். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று என ஆறு சிறிய உருளைகள் விரிந்து, பிரேக் கட்டைகளைச் சுழலும் டிரம்மின் உட்சுவரோடு அழுத்தும். இவ்வாறும் ஒரே சுற்றில் இணைந்தவை. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் அமுக்கத்தை இழக்கும். பின்சக்கரங்களைப் பொறிமுறையாற் பிடிக்கும் கைப்பிரேக் ஒன்றே அப்போது மிஞ்சும்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. இக்காரின் தலைமை உருளை, முன்மூடியைத் திறந்தவுடன் கண்ணிற்படும் இடத்தில் இல்லை. சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே அது கிடக்கின்றது. விரிப்பை நீக்கிச் சிறு மூடியொன்றைக் கழற்றினாலே திரவத்தின் மட்டத்தைப் பார்க்க முடியும். தினமும் காலை வைக்கும் இடத்தின் கீழே உள்ளதை எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

‘மிதி மென்மையாயிற்று’ என்ற ஒரே முறைப்பாட்டினுள் குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். முதலாவது, மிதி தாழ்ந்து சென்று, தாழ்ந்த இடத்தில் உறுதியாக நிற்பது. கட்டைகள் தேய்ந்து டிரம்மிலிருந்து விலகிவிட்டன என்பதே பெரும்பாலும் இதன் பொருள். விலகலைச் சரிசெய்யும் ஆணிகளைத் திருப்பினால் மிதி உயரும். இரண்டாவது, மிதி வில்லைப்போல் துள்ளுவது. திரவம் அமுக்கத்துக்குச் சுருங்காது, காற்றோ சுருங்கும். 40 வளிமண்டல அமுக்கத்தில் ஒரு காற்றுக் குமிழி ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சாரதியின் கால்வலிமை அக்குமிழியை நசுக்குவதிலேயே வீணாகும். முதிர்ந்த றப்பர்க் குழாய் அமுக்கத்தில் உப்பினாலும், புதிய கட்டைகளின் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்தாவிட்டாலும் இதே துள்ளல் தோன்றும். மூன்றாவது, காலை ஒரே நிலையில் வைத்திருக்கும்போது மிதி மெல்ல மெல்லத் தாழ்வது. அடைபட்டிருக்கவேண்டிய திரவம் எங்கோ தப்பிச் செல்கின்றது என்பதற்கு அது சான்று. நான்காவது, குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்து, நெடிய இறக்கத்திற் சூடேறியபின் மிதி வெறுமையாவது. சக்கரத்தருகே திரவம் கொதித்து ஆவியாவதே அதன் காரணம்.

நான்குக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்கு இட்டாற் பணம் அழியும், நோய் நிற்கும். அதனினும் பெரிய ஆபத்து, நோய் நிற்க, அதன் அறிகுறி மட்டும் மறைவதாகும்.

இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில் ஒருநாள் பாலாவியின் கராஜ் ஒன்றுக்கு ஒரு மைனர் வந்தது. உரிமையாளர் அப்பகுதி ஆசிரியர் ஒருவர். அடுத்த திங்கட்கிழமை மகளையும் அவளது பெட்டிகளையும் பேராதனைக்கு ஏற்றிச் செல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு அது முதல் நாள். காரின் குறையோ பழையது. முதல் தடவை மிதித்தால் மிதி ஏறக்குறைய தரைவரை போகும். உடனே மறுபடி மிதித்தால் உறுதியாக நிற்கும். ஆறு மாதமாக இரண்டு தடவை மிதித்தே ஓட்டிப் பழகிவிட்டார். இடையில் ஒருவர் சொல்லக் கேட்டுக் கட்டைகளுக்குப் புதிய லைனிங் போட்டுப் பணமும் செலவழித்திருந்தார். கராஜ்காரர் வயதில் மூத்தவர். மன்னாரில் இத்தொழிலைப் பழகி, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் வந்து சேர்ந்தவர்.

‘எயார் பிடிச்சிருக்கும் போல, நானா. அதை எடுத்துத் தந்தாப் போதும்’ என்றார் ஆசிரியர்.

‘எயார் எண்டு முடிவெடுத்தா அதைத்தானே தேடுவம், சேர். முதல்ல பாப்பம்’ என்றார் அவர்.

அவர் கையாண்ட முறையை ஆய்வு முறையெனக் கூறுதல் பிழையாகாது. முதலில் விரிப்பை நீக்கித் திரவ மட்டத்தைப் பார்த்தார், குறையவில்லை. அண்மையில் ஊற்றவுமில்லை என ஆசிரியர் உறுதி கூறினார். அடுத்து நான்கு சக்கரங்களையும் கழற்றி, ஆறு உருளைகளின் றப்பர் உறைகளையும் விரலால் உயர்த்திப் பார்த்தார், எங்கும் ஈரமில்லை. ஆகவே வெளியே ஒழுக்கில்லை. பின்னர் கட்டைகளின் விலகலைச் சரிசெய்தார். மிதி பாதியளவு உயர்ந்தது. ஆசிரியரின் முகமும் மலர்ந்தது.

‘இப்ப சரிதானே, நானா?’

‘இருங்க சேர். பலமா மிதிக்கவேணாம். பஞ்சுல காலை வைக்கிற மாதிரி மெதுவா வச்சுக்கொண்டு நூறு வரைக்கும் எண்ணுங்க.’

நாற்பது எண்ணுவதற்குள் பாதம் தரையைத் தொட்டது.

அதன்பின் மூன்று றப்பர்க் குழாய்களையும் துணி சுற்றிய இடுக்கிகளால் நெரித்து அடைத்தார். இப்போது சக்கரங்களுக்கும் தலைமை உருளைக்கும் தொடர்பில்லை. குறை சக்கரப் பக்கத்தில் இருந்திருப்பின் மிதி நின்றிருக்கவேண்டும், நிற்கவில்லை. திரவம் வெளியே ஒழுகவில்லை, மட்டமும் குறையவில்லை, ஆயினும் மிதி தாழ்கின்றது. எனவே அத்திரவம் உருளைக்குள்ளேயே றப்பரைக் கடந்து தன் தொட்டிக்குத் திரும்புகின்றது. இதனைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை.

மெதுவாக மிதிக்கச் சொன்னதன் நுட்பம் இங்கேதான் உள்ளது. கிண்ண வடிவான றப்பரின் விளிம்பை உருளையின் சுவரோடு ஒட்டவைப்பது திரவத்தின் அமுக்கமே. பலமாக மிதித்தால் அமுக்கம் உயர்ந்து, தேய்ந்த விளிம்பும் சுவரோடு இறுகி ஒட்டிக்கொள்ளும். பிரேக் நலமாயிருப்பதுபோல் தோன்றும். மெதுவாக மிதிக்கும்போது விளிம்பு தளர்ந்திருக்கத் திரவம் அதனைக் கடந்து செல்லும். இரண்டாம் மிதியின் உறுதியும் இத்தகையதே. அடுத்தடுத்து மிதிக்கும்போது தொட்டியிலிருந்து வரும் புதுத் திரவம், கசிந்துபோவதைவிட விரைவாக இடத்தை நிரப்புகின்றது. ஆசிரியர் ஆறு மாதமும் பலமாகவும் இருமுறையும் மிதித்தே பிரேக்கைச் சோதித்தார். குறையை மறைக்கும் இரு முறைகளையே அவர் சோதனையாகக் கொண்டிருந்தார். சந்தியில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்தால் இரண்டாம் மிதிக்கு நேரம் இராது.

உருளையைக் கழற்றிப் பிரித்தபோது உள்ளேயிருந்த திரவம் கோப்பியின் நிறத்தில் இருந்தது. கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கவேண்டிய சுவரிற் புள்ளி புள்ளியாகத் துருக்குழிகள். றப்பரின் விளிம்பைத் தின்றவை அக்குழிகளே.

‘றப்பரை மட்டும் மாத்துங்க, நானா. திங்கக்கிழமை போயிட்டு வந்து மத்ததைப் பாப்பம்’ என்றார் ஆசிரியர்.

‘றப்பர் புதுசு, அது உரசுற சுவர் பழசு, சேர். பாலாவியில ஒரு மாசம் ஓடும். கடுகண்ணாவையில ஒரு வளைவுக்குக் காணாது. நான் காரைத் தர மாட்டன். பிள்ளையை பஸ்ஸில கூட்டிட்டுப் போங்க.’

வாடிக்கையாளரை இழக்கவும் துணிந்து கூறப்பட்ட சொல் அது. ஆசிரியருக்குச் சினம் வந்தது. ஆயினும் நூறு எண்ணுமுன் தாழ்ந்த மிதியைத் தம் காலாலேயே உணர்ந்திருந்தார். தந்தையும் மகளும் பெட்டிகளோடு பஸ்ஸிற் சென்றனர். உருளை கடைசற்பட்டறைக்குச் சென்று, உள்ளே புதிய உலோகக் குழல் பொருத்தப்பட்டுத் திரும்பி வருவதற்கு மூன்று வாரம் சென்றது.

நோயின் இடம் அறியப்பட்டது. நோயின் மூலம் இன்னும் அறியப்படவில்லை. அடைபட்ட உருளையினுள் துரு எவ்வாறு வந்தது? விடை திரவத்தின் இயல்பில் உள்ளது. வழக்கமான பிரேக் திரவம் கிளைக்கோல் ஈதர் வகையைச் சேர்ந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தொட்டியின் மூடியிலுள்ள சிறு துவாரம் வழியாகவும் றப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் ஆண்டாண்டாக உட்செல்கின்றது. பாலாவி மக்களுக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்புத் தானாகவே ஈரத்தை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மழை நாளில் உப்புச் சாடி நீர் கோப்பதை அறியாத குடும்பம் உண்டோ? சாடியில் நிகழ்வதைக் கண்டு மூடியை இறுக்குகின்றோம். காலடியில் இருளில் நிகழும் அதே செயலைக் காண்பாரில்லை.

உறிஞ்சப்பட்ட நீர் இருவகையிற் கேடு செய்யும். ஒன்று, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்தல். மற்றொன்று, கொதிநிலையைத் தாழ்த்துதல். டொட் 3 எனப்படும் தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசுவரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீத நீர் சேர்ந்தபின் அதற்குரிய எல்லை 140 பாகையே. டொட் 4 திரவத்துக்கு இவை 230, 155 பாகைகளாம். தட்டையான கற்பிட்டி வீதியில் இவ்வேறுபாடு எவருக்கும் தெரியப்போவதில்லை. மலையிறக்கத்தில், காலெடுக்காமற் பிரேக் பிடித்து வரும் காருக்கோ அது உயிரின் எல்லையாகும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை முற்றாக மாற்றவேண்டும் என்பது தொழிலாளரின் பிடிவாதமன்று, இரசாயனத்தின் கட்டளை.

இங்கே நம் சமூகத்தின் ஒரு பண்பையும் நோக்குதல் தகும். இல்லாமையிலும் காரியத்தை நடத்திவிடும் ஆற்றலைச் ‘சமாளித்தல்’ என்கின்றோம். 1990 முதல் 1995 வரை எரிபொருள் தடையின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மைனர்களும் ஒஸ்ரின்களும் அவ்வாற்றலுக்குச் சான்று. நோயாளரையும் பிரசவத் தாய்மாரையும் மருத்துவமனை சேர்த்த ஓட்டங்கள் அவற்றுள் உண்டு. அதனை எள்ளி நகையாடுதல் எவர்க்கும் தகாது. இயந்திரம் அத்தகைய சமாளிப்பைப் பொறுத்துக்கொள்ளும். புகை கக்கும், இருமும், வழியில் நின்றும் போகும். நின்றுபோதலே அதன் மிகப் பெரிய தண்டனை. பிரேக்கின் இயல்பு வேறு. அதே மண்ணெண்ணெயால் உருளையைக் கழுவினாலோ, திரவத்துக்குப் பதிலாக இயந்திர எண்ணெயை ஊற்றினாலோ றப்பர் ஊதிக் கெடும். அதன் தண்டனை, நில்லாமற் போதல்.

பற்றாக்குறை நீடித்த நாட்டில் இவ்விரண்டின் எல்லை மங்கிவிடுகின்றது. ஓட்டத்தைக் காப்பாற்றிய கெட்டித்தனம், காவலையும் அவ்வாறே நடத்திவிடலாம் என்ற துணிவாக மாறுகின்றது. இரண்டாம் மிதி அத்துணிவின் பிள்ளை. குறை உண்டு என்பதை உடல் அறியும். அதற்கேற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்ளும். மாற்றிக்கொண்டபின் மனம் குறையை மறந்துவிடும். ஆசிரியர் அறிவில்லாதவர் அல்லர். பழக்கம் அவரது அறிவை உறங்கவைத்தது. கராஜ்காரரின் சிறப்பு, காரணத்தைக் கண்டறிந்ததில் மட்டும் இல்லை. எதைச் சமாளிக்கலாம், எதைச் சமாளிக்கலாகாது என்ற எல்லையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இழப்பு அனைத்தையும் கண்ட ஒருவர், உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் கலையை நன்கறிந்த ஒருவர், அவ்வெல்லையில் உறுதியாக நின்றார் என்பது எண்ணத்தக்கது.

பழைய கார்களைப் பேணுவோர் செய்யவேண்டியன அரியனவல்ல. மாதம் ஒருமுறை, கார் நிற்கும் நிலையில், மிதியின்மேல் பாதத்தை மெதுவாக வைத்து நூறு எண்ணுதல். காலடி விரிப்பை நீக்கித் திரவத்தின் மட்டத்தையும் நிறத்தையும் பார்த்தல். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு ஆறுதல் கொள்ளாது, குறைந்த காரணத்தைத் தேடுதல். ஈராண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுதல். மூடி திறந்து நெடுநாள் கிடந்த போத்தலின் திரவத்தைத் தவிர்த்தல். இவற்றுக்காகும் செலவு சிறிது. களப்புக் காற்று வீசும் ஊர்களிற் பழைய கார் வைத்திருப்போர் இதனைத் தள்ளிப்போடுதல் ஆகாது. மிதி தாழத் தொடங்கிவிட்டதாயின், அடுத்த பயணத்துக்குப் பஸ் இருக்கின்றது.